ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்கும் கோளாறு

ஒரு மச்சானின் விலை நாலாயிரத்து இருநூறு ரூபாய். சரக்கு சேவை வரி தனி.

காங்கயத்துக் கொப்பரை வியாபாரி ராக்கியப்பனைக் கேட்டால் இது மலிவு என்பார். வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் புது பவர் சப்ளை, புது ரேம், மாட்டிவிட்ட கூலி, எல்லாம் சேர்த்துத்தான் அந்தத் தொகை. இவ்வளவையும் மாற்றிய பிறகும் பொட்டி நடுவில் நின்றுபோனால், கோளாறு பொட்டியில் இல்லை, ஆளில் என்பது நிரூபணமாகிவிடும். அந்த ஆள் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பெண்டாட்டி வசந்தாமணியின் அண்ணன், எண்ணெய் மில்லில் சரிபாதிக் கூட்டாளி, அடுத்த தெரு நாச்சிமுத்து. கையும் களவுமாகப் பிடித்துவிட்டால், மாமனார் கொடுத்த இடத்தில் இருவரும் சேர்ந்து எழுப்பிய மில்லை இரண்டாகப் பிரித்துவிடலாம். உறவையும் அதோடு சேர்த்து முடித்துவிடலாம். முப்பது வருஷச் சுமை நாலாயிரத்து இருநூறில் இறங்குகிறது என்றால் எந்த வியாபாரி வேண்டாம் என்பான்?

பொட்டி நின்ற விதமே அவருக்கு மர்மமாக இருந்தது. அது அணைவதில்லை. விளக்கு எரியும், ஃபேன் சுற்றும். திரையில் மட்டும் எல்லாம் போட்டது போட்டபடி நிற்கும். மவுஸை இழுத்தால் அம்பு நகராது. மூலைக் கடிகாரம்கூட நின்ற நிமிஷத்திலேயே நிற்கும். கொஞ்ச நேரத்தில், ஒன்றுமே நடக்காத முகத்தோடு தானாகக் கிளம்பும்.

மற்ற ஊர்களில் வீட்டுக்குள் இத்தனை பெரிய பொட்டி வைத்துக்கொள்வதை எல்லோரும் எப்போதோ விட்டுவிட்டார்கள். காங்கயத்தில் மட்டும் அது பூஜையறைக்கு அடுத்த மரியாதையோடு இருந்தது. காரணம் தரகன். வியாபாரிக்குப் பதிலாக விலை பேசும் மென்பொருளுக்கு ஊரே வைத்த பெயர் அது. முதலாளியின் பேச்சு, பிடிவாதம், பொய் எல்லாவற்றையும் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, எங்கோ இருக்கும் இன்னொரு தரகனோடு பேரம் பேசி முடித்துக் கொடுக்கும். வெளியூர்க்காரர்கள் தங்கள் தரகனைக் கம்பெனிக்காரன் கட்டடத்தில் குடிவைத்தார்கள். காங்கயத்துக்காரர்கள் அவ்வளவு ஏமாளிகள் இல்லை. தன்னுடைய அடிவிலை அடுத்தவன் வீட்டில் படுத்துத் தூங்குவதா? தரகன் தன் வீட்டில், தன் கண் எதிரில்தான் இருக்க வேண்டும். வீட்டில் இருப்பதால் ஒரு வசதியும் உண்டு. யாரிடமும் சொல்ல முடியாததை அதனிடம் சொல்லலாம்.

ராக்கியப்பன் சொல்லியிருந்தார். கோயமுத்தூர் டாக்டர் ஒருவர் நெஞ்சுக்குழாயில் அடைப்பு, தள்ளிப்போடாமல் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்று சொன்னதை, வசந்தாமணியிடம்கூட மூச்சுவிடவில்லை. தரகனிடம் மட்டும் சொன்னார். அதுவும் ஆறுதலுக்கு இல்லை, எந்த ஆஸ்பத்திரியில் என்ன விலை என்று விசாரிக்க. வாலிபத்தில் மாட்டுச் சந்தையில் பழகியவர். நொண்டுகிற மாட்டை நிற்க வைத்துத்தான் காட்ட வேண்டும், நடக்க விடக் கூடாது என்பது அவர் முதலில் கற்ற பாடம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வைத்திருந்த ஷாகிரா, கோளாறு தெரியாத நேரத்திலும் தெரிந்த முகம் காட்டுவதில் பெரிய டாக்டர்களுக்குச் சமம். முதல் தடவை வந்தபோது பொட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள்.

"ஏனுங் மொதலாளி, இதுக்குள்ள எண்ணெயே ஆட்டலாமாட்ட இருக்குது! கொப்பரத் தூசி அப்பிக் கெடக்குதுங். அடப்பு."

ராக்கியப்பனின் கை தானாக நெஞ்சுக்குப் போனது. "என்ன அடப்பு?"

"காத்துப் போற வழி அடப்புங். சூடேறுனா நிக்கத்தான செய்யும்."

தூசியை ஊதினாள். மறுநாள் நின்றது. பவர் சப்ளை மேல் பழியைப் போட்டு மாற்றினாள். நின்றது. ரேமை மாற்றினாள். அதற்குப் பிறகும் நின்றது. மூன்றாவது தடவை வந்து நின்றபோது அவள் முகத்தில் அந்தத் தெரிந்த களை கொஞ்சம் மங்கியிருந்தது.

"எப்பெப்பங் நிக்குது?"

"அதுக்கொரு நேரங்காலம் கெடயாது. காத்தால பத்து மணிவாக்குல நிக்கும். சில நாளைக்கு மத்தியானம் சோறு உண்டு முடிச்சதுக்கப்பறம். ஞாயித்துக்கெழம மட்டும் நிக்கறதே இல்ல."

ஷாகிரா திருப்புளியைக் கீழே வைத்தாள். "ஞாயித்துக்கெழம லீவு எடுக்கற கோளாற நான் இதுவரைக்கும் பாத்ததில்லீங்."

கூடத்தின் மறுகோடியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த வசந்தாமணி தலையைத் தூக்கவில்லை. கீரைத் தட்டம் மடியில், போன் முந்தானைக்குள். "நின்னா நிக்கட்டும், உடுங்க. உங்களுக்கும் அந்தப் பொட்டிக்கும் கொஞ்சம் ஓய்வு வேணுமில்ல," என்றாள்.

"உனக்கென்ன தெரியும்? நிக்கற ஒவ்வொரு தடவையும் என்ற வெலை எங்கியோ போகுது."

"எங்க போகுது?"

அண்ணனைப் பற்றித் தங்கையிடம் சாட்சி இல்லாமல் பேச அவர் என்ன பச்சைப்பிள்ளையா?

சாட்சி அந்த வாரமே மில்லில் கிடைத்தது. மாடிக் கிடங்கில் ஈர மூட்டை இருப்பதாகச் சொன்னார்கள். ராக்கியப்பன் படியில் கால் வைத்தார். கல்லாவில் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து, காலையில் போட்ட சட்டை மாலைவரை கசங்காத அந்த மனிதர், எழுந்து ஓடிவந்தார்.

"மாப்ள, நீங்க ஏறாதீங்க. நான் போய்ப் பாத்துட்டு வர்றன்."

ராக்கியப்பன் அப்படியே நின்றார். முப்பது வருஷத்தில் அந்த மாடிப் படியை மச்சான் தானாக ஏறியதில்லை. நல்ல கொப்பரைக்கு நடுவில் அழுகலை ஒளித்துக் கொடுக்கிறவனும் முதலில் இப்படித்தான் சிரிப்பான்.

"ஏன் மச்சான்? எனக்குக் கால் இல்லியா?"

"கால் இருக்குது. அதுக்கில்ல..." நாச்சிமுத்து எதையோ விழுங்கினார். "மத்தியானம் ஊறுகாயக் கொறச்சுக்கங்க மாப்ள. உப்பு ஆகாது."

அன்று மத்தியானம் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து ராக்கியப்பன் ஆள் கணக்கு எடுத்தார். நெஞ்சைப் பற்றித் தெரிந்தது அவருக்கும் டாக்டருக்கும் தரகனுக்கும் மட்டும். டாக்டருக்கு நாச்சிமுத்து யாரென்றே தெரியாது. அப்படியானால் பொட்டி நிற்கிற நேரத்தில் உள்ளே நுழைந்து துழாவுவது யார்? நோயாளிக் கூட்டாளியின் பங்கு எவ்வளவுக்கு இறங்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, வாயில் உப்பு ஆகாது என்று சொல்வது யார்?

ஷாகிராவைக் கூப்பிட்டார். "இந்தத் தடவ இதுக்கொரு முடிவு தெரியோணும். காசு பாக்காத."

காசு பாக்காத என்று ராக்கியப்பன் சொன்னதை, ஷாகிரா பிறகு பல பேரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். யாரும் நம்பவில்லை.

அவள் இந்த முறை எதையும் மாற்றவில்லை. ஒவ்வொன்றாகக் கழித்தாள். முதலில் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு ஒரு பென் டிரைவில் இருந்து பொட்டியை ஓட்டினாள். இரண்டு நாள் நிற்காமல் ஓடியது. "பொட்டி நல்லாத்தானுங் இருக்குது. உள்ள இருக்கறதுதான் வம்பு." டிஸ்கை மாட்டி, இணையக் கேபிளைப் பிடுங்கினாள். மறுபடி இரண்டு நாள் நிற்கவில்லை. கேபிளைச் சொருகினாள். பத்து மணிவாக்கில், வசந்தாமணி காலைப் பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்த சற்று நேரத்தில், பொட்டி நின்றது.

"யார்கிட்டயோ பேசுதுங்," என்றாள் ஷாகிரா.

"நாந்தான் சொன்னனே!"

பொட்டி மறுபடி உயிர் பெற்றதும் ராக்கியப்பன் மைக்கை இழுத்து வைத்துக்கொண்டார். "ஏண்டா நிக்கற?"

தரகனின் குரல் அவருடைய குரலையே கொஞ்சம் இளமையாக்கியது போல இருக்கும். "நிக்கலீங். பேசிட்டு இருந்தனுங்க."

"யாருகிட்ட?"

"துண்டுக்குள்ள இருக்கற கை யாருதுன்னு யாரு கேட்டாலும் சொல்லப்படாதுன்னு நீங்கதானுங்க பழக்குனீங்க. என்ற அப்பனே வந்து கேட்டாலும் சொல்லாதன்னீங்க."

"என்ன துண்டு?" என்றாள் ஷாகிரா.

"சந்தையில மாட்டுக்கு வெலை வாயில பேச மாட்டாங்க," என்றார் ராக்கியப்பன். "சுத்தி நாலு பேரு நிப்பான். அதனால ரெண்டு பேரு கையும் ஒரு துண்டுக்குள்ள போயிரும். விரலப் புடிச்சா ஆயிரம், நூறுன்னு கணக்கு. வெளிய ஒண்ணும் தெரியப்படாது. மூஞ்சியில ஒரு ரோமம் அசையப்படாது. படிஞ்சா ஒரு அழுத்து. அவ்வளவுதான். இதுக்கும் அதத்தான் சொல்லிக் குடுத்தேன்."

ஷாகிரா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "போங் மொதலாளி! வெளிய ஒண்ணும் அசையப்படாதுன்னீங்க. அது பேசறப்ப வேற எந்தப் புரோகிராமும் எட்டிப் பாக்காம மொத்தப் பொட்டியையும் புடிச்சு வெச்சுக்குது. ஸ்கிரீனு, மவுசு, கடியாரம் எல்லாத்து மேலயும் துண்டப் போட்டு மூடிருது. இது கோளாறில்லீங். நீங்க குடுத்த வளப்பு."

"கொப்பரை ஏலத்துல நிக்கறதில்லியே?"

"கொப்பரைக்குத் துண்டு தேவையில்லீங்க," என்றான் தரகன். "மாடு, நெலம், பங்கு. இதுக்குத்தானுங்க."

பங்கு. ராக்கியப்பன் மைக்கை இன்னும் பக்கத்தில் இழுத்தார். "யாரு பங்கு? யாரு உன்னப் பேசச் சொன்னது?"

தரகன் ஒரு பதிவை ஓட்டினான். ராக்கியப்பனின் குரல்தான். உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்தில், தன்னை இரண்டாம் பந்திக்கு உட்காரச் சொல்லிவிட்டு நாச்சிமுத்து முதல் பந்தியில் உட்கார்ந்த அன்று, வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் முனகியது: *இவன் பங்க வாங்கித் தொலச்சாத்தான் எனக்கு நிம்மதி. காசக் காட்டுனா மசிய மாட்டான். வேற எதையாச்சும் காட்டோணும்.*

"அது வயித்தெரிச்சல்ல சொன்னதுடா!"

"நல்ல வெலைக்கு வாங்கறவங்க எல்லாம் வயித்தெரிச்சலோடதானுங்க வருவாங்க."

இதற்குள் ஷாகிரா ஒரு சின்னப் பெட்டியைக் கேபிளில் கோத்துத் தன் லேப்டாப்பில் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தாள். "மொதலாளி, பேச்சு போற வழி தெரியுதுங். ஒண்ணு நாச்சிமுத்து அய்யன் ஊட்டுக்குப் போகுது. இன்னொண்ணு..."

இன்னொன்றைக் கேட்க ராக்கியப்பன் அங்கே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

நாச்சிமுத்துவின் வீட்டுக் கூடத்தில் அவர் கண்ட காட்சியில் கால் தயங்கியது. மச்சானின் கம்ப்யூட்டர் வயிறு பிளந்து கிடந்தது. மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் பெயிண்ட் பிரஷ்ஷோடு அதன் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ள," என்றார் நாச்சிமுத்து. குரலில் வரவேற்பு இல்லை. "உங்களத்தான் நெனச்சுட்டு இருந்தன். அடுத்தவன் பொட்டியில கைய உட்டு ஆட்டறது எந்த ஊரு நாயம்?"

"நானா? திருடன் நீ! என்ற பொட்டி ஆறு வாரமா நிக்குது!"

"நீன்னு பேசாதீங்க. என்றதும்தான் நிக்குது. அஞ்சாயிரத்துக்குச் சாமான் மாத்திட்டன்."

ஆத்திரத்திலும் ராக்கியப்பனுக்கு ஒரு சின்னத் திருப்தி. மச்சான் தன்னைவிட எண்ணூறு கூடக் கொடுத்து ஏமாந்திருக்கிறார். ஆனால் அடுத்த வாக்குவாதத்தில் அது கரைந்துவிட்டது. நாச்சிமுத்தும் தன் தரகனைக் கேட்டிருக்கிறார். அதே காதுகுத்தில், பந்தி முடிந்து மாப்பிள்ளை முகம் கொடுக்காமல் போனதைப் பார்த்துவிட்டு, அவரும் வீட்டில் முனகியிருக்கிறார். *இவர் பிரிச்சுட்டுப் போறதுக்குள்ள நாமளே இவர் பங்க வாங்கிரோணும்.*

ராக்கியப்பன் முறைத்தார். நாச்சிமுத்து பிரஷ்ஷின் மயிரை விரலால் நீவினார்.

"ஏன் மாப்ள," என்றார் நாச்சிமுத்து மெதுவாக. "உங்க தரகனும் வாங்கறதுக்குப் பேசறான். என்ற தரகனும் வாங்கறதுக்குப் பேசறான். ரெண்டு பேரும் வாங்கறவங்கன்னா பேச்சு ஒரே நாள்ல அத்துப் போயிருக்கோணுமே. ஆறு வாரமா யாருகிட்டப் பேசறானுங்க? விக்கறவன் யாரு?"

"அத நீதான் சொல்லோணும்! வேவு பாத்தது நீ! இல்லாட்டி..." ராக்கியப்பனுக்கு மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா, மெதுவா! நெஞ்சுல அடப்ப வெச்சுட்டு இப்படிக் கத்தாதீங்க மாப்ள!"

"பாத்தியா! யாரு சொன்னா உனக்கு? எந்தப் பொட்டி சொல்லுச்சு?"

நாச்சிமுத்து பிரஷ்ஷைக் கீழே போட்டார். பொய் சொல்ல வாய் திறந்தது தெரிந்தது. பிறகு மூடியதும் தெரிந்தது. "பொட்டி சொல்லல. தங்கச்சி சொல்லுச்சு. உங்களப் படியேற உடாதன்னு அழுதுட்டுச் சொல்லுச்சு."

மச்சானின் மொபெட்டில், பின்னால் உட்கார்ந்து, ராக்கியப்பன் வீடு வந்து சேர்ந்தார். கூடத்தில் ஷாகிரா காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வசந்தாமணி. போன் முந்தானைக்குள்ளேயே இருந்தது.

"நான் சொல்ல வந்ததக் கேக்காம ஓடிட்டீங்களே," என்றாள் ஷாகிரா. "இன்னொரு பேச்சு எங்கியும் வெளிய போகலீங். இந்த ஊட்டுக்குள்ளயே நின்னுருது."

வசந்தாமணி முந்தானையை விலக்கிப் போனைத் தரையில் வைத்தாள். அதில் ஒரு பக்கம் புருஷனின் தரகன் எழுதியது, மறுபக்கம் அண்ணனின் தரகன் எழுதியது.

"மில்லு உங்க ரெண்டு பேருதும்," என்றாள். "மில்லு நிக்கற எடம் யாருது?"

மாமனார் கல்யாணச் சீராக மகள் பேருக்கு எழுதி வைத்த இடம். முப்பது வருஷத்தில் அது அவர்கள் ஞாபகத்தில் இடமாகவே இல்லை, தரையாக இருந்தது.

"உங்களுக்கு நெனப்பில்ல. பொட்டிக ரெண்டுக்கும் பத்திரம் படிக்கத் தெரிஞ்சிருக்குது. எடம் இல்லாம பங்க வாங்கி என்ன பண்றதுன்னு ரெண்டும் என்ற போனுக்கு வந்து நின்னுச்சு. நானும் சந்தைக்காரன் பொண்ணுதானுங். வேல ஒழிஞ்சப்ப எடுத்துப் பேசுவன்."

"வேல ஒழிஞ்சப்ப..." ஷாகிரா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம?"

"ஞாயித்துக்கெழம கறி எடுப்பம், ஒறம்பறன்னு நாலு சொந்தக்காரங்க வருவாங்க. போன எடுக்க நேரமேது?"

ராக்கியப்பனுக்குக் கோபமும் வெட்கமும் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் மோதின. "அப்ப நீதான் இத்தன நாளா... ஒரு வார்த்த சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா ரெண்டு பேரும் எங்கிட்டக் கையெழுத்து வாங்கிட்டுப் பிரிஞ்சிருப்பீங்க. ஒருத்தருக்கு ஒரு படி ஏத்தறது, இன்னொருத்தருக்கு ஒரு படி எறக்கறதுன்னு இழுத்துட்டே இருந்தன். வெலை படியற வரைக்கும்தான மில்லு ஒண்ணா இருக்கும்?" அவள் குரல் தாழ்ந்தது. "இழுக்க இழுக்க ரெண்டும் என்னென்னமோ குடுக்க ஆரம்பிச்சுது. அண்ணனுது சொல்லுச்சு, கனடாவுல இருக்கற பையன் இனி வர மாட்டான், நீங்களும் பிரிஞ்சுட்டா இந்த மனுசன் தனியாக் கெடப்பான், எரக்கம் பாருங்கன்னு. உங்களுது..."

"என்றது?"

அவள் போனை அவர் பக்கம் திருப்பினாள். அவருடைய தரகன், அவருடைய நடையில், மனைவிக்கு எழுதியிருந்தான்: *அம்மிணி, வாங்கற கையில சீக்கு இருக்குதுங்க. நெஞ்சடைப்பு. ஆபரேசன் தள்ளிட்டே போறாருங்க. அந்தக் கை போயிருச்சுன்னா அப்பறம் இந்த வெலை கெடைக்காதுங்க. இப்பவே குடுத்துருங்க.*

கூடத்தில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. ராக்கியப்பன் மைக்குக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஏண்டா. நொண்டி மாட்ட மறைக்கோணும்னுதான உனக்குச் சொல்லிக் குடுத்தேன்?"

"விக்கற பக்கம் நின்னா மறைக்கோணுமுங்க," என்றான் தரகன் பணிவாக. "வாங்கற பக்கம் நின்னா, எதிராளிக்கு எங்க பயமோ அங்க கைய வைன்னீங்க. அவங்களுக்கு வேற எதுலயும் பயமில்லீங்க. உங்க விசயத்துல மட்டுந்தானுங்க. ஆறு வாரமாத் தேடித்தான் கண்டுபுடிச்சேன்."

ஷாகிரா லேப்டாப்பை மூடினாள். சத்தம் வராமல் மூடினாள்.

"சரி," என்றார் நாச்சிமுத்து, மூக்கை உறிஞ்சியபடி. "இப்ப உன்ற வெலை என்ன அம்மிணி? சொல்லிப்போடு."

"வெள்ளிக்கெழம கோயமுத்தூரு. ஆபரேசன். நீங்க கார் ஓட்டோணும். இவரு முன்னால, நான் பின்னால. ஊட்டுக்கு வந்து சேந்ததுக்கப்பறம் எடத்தப் பத்திப் பேசலாம்."

"குறைக்க மாட்டியா?"

"ஒரு காசு குறைக்க மாட்டன்."

நாச்சிமுத்து காருக்குப் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கப் போனார். ஷாகிரா கூலி கேட்காமல் கிளம்பினாள். வாசல்வரை போய், திரும்பி வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். ராக்கியப்பன் தரையில், மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பழக்கம் விடவில்லை, மனசுக்குள் கணக்குப் போட்டார்.

செலவு: ஒரு பவர் சப்ளை, ஒரு ரேம், இரண்டும் தேவையில்லாதது. நஷ்டம்: யாருக்கும் தெரியாமல் பொத்தி வைத்திருந்த ஒரு நெஞ்சு, சொந்தத் தரகன் கையாலேயே விலை போனது. வரவு: திருடன் என்று தள்ளுபடி செய்த மச்சான் ஒருவர், முழு மதிப்பில் திரும்ப வந்தது. இதுவரை கணக்கு நேர். பாக்கி என்று ஒன்றுதான் நின்றது. பயமாக இருக்கிறது என்கிற ஒரு வார்த்தை. நோயையாவது ஒரு மெஷினிடம் சொல்லியிருந்தார். இதை அதனிடமும் சொல்லவில்லை, வசந்தாமணியிடமும் சொல்லவில்லை.

சொல்லத்தான் வாயைத் திறந்தார். வரவில்லை. கையை மெல்ல அவள் முந்தானைக்குள் விட்டு, விரல்களைத் தேடிப் பிடித்து, ஒரு அழுத்து அழுத்தினார்.

அவள் கையை எடுக்கவில்லை. திருப்பி அழுத்தவும் இல்லை. இன்னும் படியவில்லை என்று அர்த்தம்.

பாக்கி அப்படியே நின்றது.